மௌனம் கலைந்ததும் மண்வெட்டி எடுத்தவர்கள்



திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ரமணாசிரமம். 1950-ஆம் ஆண்டு மறைந்த ரமண மகரிஷியைக் காண அன்று வெளிநாட்டார் வந்தனர். அவர் வாழ்ந்த இடத்தைக் காண இன்றும் வருகின்றனர். பருத்தி ஆடை அணிந்த வெள்ளையர்கள் அப்பகுதித் தேநீர்க் கடைகளில் அமர்ந்திருப்பதும், மிதிவண்டியில் காய்கறி வாங்கிச் செல்வதும் இவ்வூர் மக்களாகிய எங்களுக்குப் பழகிப்போன காட்சிகள். அவர்களுள் பெரும்பாலோர் இங்கு வருவது மௌனமாக அமர்ந்திருப்பதற்காகவே.

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின், மதரஸா மாணவர் ஒருவருடன் அவ்வழியே வந்துகொண்டிருந்தேன். தேநீர்க் கடையொன்றில் முதியவர் ஒருவர் மல்லாட்டையை உரித்துத் தின்றபடி, 'இந்த ஆண்டு விளைச்சல் எப்படி? மழை போதுமா?' என்று கடைக்காரரிடம் அரைகுறைத் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தார். தம் நாட்டில் அவரும் ஓர் உழவராம். மாணவர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். தாம் குவேக்கர் என்னும் பிரிவைச் சேர்ந்தவர் என்றும், இளமையில் இராணுவத்தில் சேர மறுத்தவர் என்றும் அம்முதியவர் எளிமையாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், சண்டைக்குப் போக மறுப்பவர் கோழைதானே?"

அது வெறும் ஆவலால் எழுந்த கேள்வியன்று என்பதை நான் அறிவேன். அவருடைய வீட்டில் ஒரு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி நகர்த்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 'ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கேட்போம்' என்று உறவினர் துள்ளியபோது, மாணவரின் தந்தை, 'கம்பு தூக்க நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அன்று முதல் சொந்தக்காரர்களே அவரைக் கோழை என்று ஏசத் தொடங்கினர். தந்தைக்காகத் தலைகுனிந்த ஒரு பிள்ளையின் கேள்வி அது.

கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். குவேக்கர்களைப் பற்றிப் பாடநூலில் ஓரிரு வரிகள் படித்திருந்தேனே தவிர, அதற்கு மேல் அறியேன். அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்தேன். அறிந்தவற்றை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

பாதிரியார் இல்லாத சபை

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து சிதைந்து கிடந்த காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையால் உருவானது இப்பிரிவு. 'நண்பர்கள்' என்பதே அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர் என்பது, மற்றவர்கள் ஏளனமாகச் சூட்டிய பெயர். ஏளனப் பெயரே நிலைத்துவிட்டது!

அவர்களுடைய பழைய வழிபாட்டு முறையில் பாதிரியார் இல்லை, சிலை இல்லை, இசையும் இல்லை. அலங்காரமற்ற ஓர் அறையில் கூடி மௌனமாக அமர்வார்கள். உள்ளத்தில் ஏதேனும் உணர்த்தப்பட்டதாகக் கருதுபவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து சில சொற்கள் பேசுவார். யாரும் பேசாவிட்டால் மௌனத்திலேயே கூட்டம் முடிந்துவிடும்.

நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யவும் அவர்கள் மறுத்தனர். பிரமாணம் செய்தால் ஓர் உண்மை, செய்யாவிட்டால் வேறோர் உண்மை என இரண்டு உண்மைகள் உண்டா என்பது அவர்கள் வாதம். பிரபுக்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். 1660-ஆம் ஆண்டு, எக்காரணத்திற்காகவும் போர் புரியமாட்டோம் என மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு எழுத்து மூலம் அறிவித்தனர். இவற்றுக்கெல்லாம் கிடைத்த பரிசு சிறைவாசம். ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர்.

சுல்தானின் கூடாரத்தில் ஒரு பணிப்பெண்

நம் இல்லங்களில் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இவர்களுடைய வரலாற்றில் உண்டு.

மேரி ஃபிஷர் என்பவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வீட்டு வேலை செய்த பெண். குவேக்கராக மாறிய அவர், 1656-இல் தோழி ஒருவருடன் கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே ஆட்சி செய்தவர்களும் கிறிஸ்தவர்களே. ஆயினும் அப்பெண்களின் நூல்களை எரித்தனர். சூனியக்காரிகளோ என்று ஐயுற்று உடலைச் சோதித்தனர். சுமார் ஐந்து வாரம் சிறையில் அடைத்துவிட்டு நாடு கடத்தினர்.

அதே மேரி ஃபிஷர் 1658-இல் உதுமானியப் பேரரசின் சுல்தான் நான்காம் முஹம்மதைக் காணப் புறப்பட்டார். நெடுந்தொலைவைக் கால்நடையாகவே கடந்து, எடிர்னே நகரை ஒட்டி அமைந்திருந்த சுல்தானின் பாசறையை அடைந்தார். சுல்தானுக்கு அப்போது பதினாறு வயதுதான். ஒரு நாட்டின் தூதரை வரவேற்கும் மரியாதையுடன் அப்பெண்ணை வரவேற்று, அவர் சொல்ல வந்ததைப் பொறுமையுடன் கேட்டார். திரும்பிச் செல்கையில் பாதுகாப்புக்கு வீரர்களை அனுப்பவும் முன்வந்தார். அதை அன்புடன் மறுத்த மேரி ஃபிஷர், வந்தவாறே தனியே சென்றார். தம்மை உபசரித்த முஸ்லிம்களைப் பிற்காலத்தில் அவர் பாராட்டியே எழுதினார்.

சொந்த மதத்தார் சிறையில் தள்ளிய பெண்ணை, வேற்று மதத்து அரசர் அமர வைத்துக் கேட்டார். ஆயுதமில்லாமல் வந்தவரிடம் பேச அச்சம் எதற்கு?

வேப்பேரிக்கு வந்த ஆசிரியை

அதே யார்க்‌ஷயரில் 1905-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவர்தான் இக்கட்டுரையின் நாயகி மார்ஜோரி சைக்ஸ். தந்தை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் பள்ளித் தலைமை ஆசிரியர். முதல் உலகப் போர் மூண்டபோது மார்ஜோரிக்கு ஒன்பது வயது. அது முடிந்தபோது பதின்மூன்று. பிள்ளைப் பருவம் முழுவதும் போர்ச் செய்திகளோடு கழிந்த தலைமுறை அது.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று முதல் வகுப்பில் தேறிய அவருக்கு, இங்கிலாந்திலேயே வசதியான வாழ்க்கை காத்திருந்தது. ஆனால் 1928-இல், இருபத்துமூன்று வயதில், சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற மிடுக்கு இன்றித் தமிழைக் கற்றார். பின்னர் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அந்தச் சென்னை ஆண்டுகளில்தான் அவர் குவேக்கர் ஆனார். இங்கிலாந்தில் பிறந்த கொள்கையை ஓர் ஆங்கிலேயப் பெண் நம் சென்னையில் வந்து ஏற்றுக்கொண்டார் என்பது வியப்பன்றோ!

1939-இல் தாகூரின் சாந்திநிகேதன் அவரை அழைத்தது. அங்கே வங்க மொழி கற்றுத் தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஏழைகளின் நண்பர் என்று போற்றப்பட்ட சி.எஃப். ஆண்ட்ரூஸின் வாழ்க்கை வரலாற்றைப் பனாரசிதாஸ் சதுர்வேதியுடன் சேர்ந்து எழுதினார். அந்நூல் 1949-இல் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்றபின் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

கையால் கற்கும் கல்வி

1949-இல் மார்ஜோரி வார்தாவை அடுத்த சேவாகிராமத்திற்குச் சென்றார். ஆசிரியர்களுக்கு ஆதாரக் கல்விப் பயிற்சி அளிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆதாரக் கல்வி என்றவுடன் காந்தியடிகளின் பெயர் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தில்லி ஜாமியா மில்லியாவை வளர்த்து, 1967-இல் குடியரசுத் தலைவரான அதே ஜாகிர் உசேன்தான். சேவாகிராமத்தில் அக்கல்விப் பணியை நெடுங்காலம் நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். ஒரு முஸ்லிம் அறிஞர், ஓர் ஈழத்துத் தமிழ்க் கிறிஸ்தவர், பின்னர் ஒரு குவேக்கர் பெண்மணி எனப் பலர் தோள்கொடுத்த பணி அது.

அங்கே பிள்ளைகள் நூல் நூற்றனர், காய்கறி பயிரிட்டனர், தங்கள் இடத்தைத் தாங்களே சுத்தம் செய்தனர். நூற்ற நூலை அளந்தபோது கணக்கு வந்தது. பாத்தி கட்டியபோது அறிவியல் வந்தது. உடலுழைப்பு தாழ்ந்தது என்ற எண்ணம் தானே கரைந்தது. ஒருவன் உழைப்பில் மற்றவன் உண்ணும் வாழ்க்கையே போரின் வித்து என்று குவேக்கர்கள் நெடுங்காலமாகக் கருதி வந்தனர். அவ்வகையில், மார்ஜோரிக்கு மண்வெட்டியும் அமைதிப் பணிக்கான கருவியே.

அடிபடத் துணிந்த படை

சேவாகிராமத்தில் பத்தாண்டுகள் பணிசெய்த மார்ஜோரி, 1959-இல் நம் நீலகிரியின் கோத்தகிரிக்கு வந்து குடியேறினார். வினோபா பாவே 1957-இல் தொடங்கிய 'சாந்தி சேனை'க்கு அங்கே தொண்டர்களைப் பயிற்றுவித்தார். கலவரம் மூண்ட இடத்தில் ஆயுதமின்றி இரு தரப்புக்கும் நடுவே சென்று நிற்பதும், வதந்திகளை விசாரித்து உண்மையைச் சொல்வதும், எரிந்த வீடுகளைக் கட்டித் தருவதும் அத்தகைய தொண்டர்களின் கடமை.

வாசகர்களே, வதந்தி ஒன்று ஒரு தெருவையே எரித்துவிடக்கூடும் என்பதை நம் சமுதாயத்திற்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில், 'நானே நேரில் போய்ப் பார்த்தேன், நீங்கள் கேள்விப்பட்டது பொய்' என்று நடுத்தெருவில் நின்று சொல்ல ஒருவர் இருந்தால் எத்தனை உயிர்கள் தப்பும்!

1964 செப்டம்பரில் நாகாலாந்தில் இந்தியப் படைக்கும் நாகா போராளிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் பாதிரியார் ஆகியோர் கொண்ட அமைதிக் குழு அதற்குப் பாடுபட்டது. போர்நிறுத்தம் மீறப்படாமல் கண்காணிக்கும் பார்வையாளர் குழுவில் மார்ஜோரியும் சேர்ந்தார். ஓய்வு பெறும் வயதில், அறுபதை நெருங்கிய அப்பெண்மணி அந்த மலைநாட்டுக்குச் சென்று, இரு தரப்பார் மனக்குறைகளையும் கேட்கும் பணியை ஏற்றார்.

இதே வழியில் நடந்த மற்றொரு குவேக்கர் ஹோரேஸ் அலெக்சாண்டர். 1889-இல் பிறந்து நூறாண்டு வாழ்ந்தவர். 1942-இல் வங்கத்தைப் புயல் சூறையாடியபோது குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் குழுவுடன் உதவிப் பணியில் இருந்தார். 1947 ஆகஸ்டில், காந்தியடிகள் கல்கத்தாவின் பெலியகட்டாப் பகுதியில், ஹைதரி மன்ஸில் என்னும் முஸ்லிம் இல்லத்தில், சுஹ்ரவர்தியுடன் தங்கி இந்து-முஸ்லிம் கலவரத்தைத் தணிக்க முயன்றாரே, அந்நாட்களில் உடனிருந்தவர்களுள் ஹோரேஸும் ஒருவர். அதே 1947-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு, பிரிட்டன், அமெரிக்க நாடுகளின் குவேக்கர் தொண்டு அமைப்புகள் இரண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

நர்மதைக் கரைப் பண்ணை

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ளது ஹோஷங்காபாத். 2022-இல் அந்நகரின் பெயர் நர்மதாபுரம் என மாற்றப்பட்டது. அதை அடுத்த ரசூலியாவில் குவேக்கர்களின் கிராமப்புற மையம் ஒன்று இருந்தது. மார்ஜோரியின் முதுமைக் காலத்தில் சில ஆண்டுகள் அங்கே கழிந்தன.

1972-இல் கிராமப் பள்ளிகளில் செய்முறை வழியாக அறிவியல் கற்பிக்கும் முயற்சி, பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இரு அமைப்புகளுள் ரசூலியா மையமும் ஒன்று. 1978 முதல் அங்கே மற்றொரு சோதனை நடந்தது. இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுத்தி, உழுவதையும் படிப்படியாகக் குறைத்து, வைக்கோலை நிலத்திலேயே பரப்பி இயற்கை வழியில் பயிர் செய்தனர். பிரதாப் அகர்வால் என்பவர் இதை முன்னின்று நடத்தினார். ஜப்பானிய உழவர் ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூலின் இந்தியப் பதிப்பை வெளியிட்டதும் அந்த மையமே. மண்ணுடன் போர் புரியாத உழவு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இம்மையத்தின் வெளியீடாக 1987-இல், ஜஹாங்கீர் பட்டேலுடன் இணைந்து காந்தியடிகளைப் பற்றிய நூலொன்றை மார்ஜோரி எழுதியபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. இறுதியில் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், 1995 ஆகஸ்டில் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

மரம் வெட்டியவர் காவலரானார்

இங்கே ஓர் உழவரின் கதையையும் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் கண்ட முதியவரைப் போலவே, இராணுவத்தில் சேர மறுத்த அமெரிக்கக் குவேக்கர் அவர். பெயர் வில்ஃபோர்ட் கிண்டன். 'வுல்ஃப்' என்று அழைப்பார்கள்.

1948-இல் அமெரிக்க அரசு, இளைஞர்கள் இராணுவப் பட்டியலில் பெயர் பதிய வேண்டும் எனச் சட்டமியற்றியது. அலபாமா மாநிலத்தின் ஃபேர்ஹோப் ஊரைச் சேர்ந்த நான்கு குவேக்கர் இளைஞர்கள் மறுத்து, 1949-இல் சிறை சென்றனர். வுல்ஃப் அவர்களுள் ஒருவர். விடுதலையானதும் அவ்வூர்க் குவேக்கர் குடும்பங்கள் கூடி யோசித்தன. படையே இல்லாத நாடு எங்கேனும் உண்டா? இருந்தது! மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா 1948-இல் தன் இராணுவத்தையே கலைத்துவிட்டிருந்தது. 1951-இல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்நாட்டின் மலையொன்றில் நிலம் வாங்கிக் குடியேறினர். அவ்விடத்திற்கு மோண்டேவெர்டே, அதாவது பசுமலை, எனப் பெயரிட்டனர். மாடு வளர்த்தனர், பாலாடைக்கட்டித் தொழிற்சாலை ஒன்றை அமைத்தனர். ஊற்றுகள் வற்றாதிருக்க, நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் காட்டை வெட்டாமல் ஒதுக்கி வைத்தனர்.

வுல்ஃபும் தொடக்கத்தில் மேய்ச்சலுக்காக மரங்களை வெட்டி வீழ்த்தியவர்தான்; மரம் அறுக்கும் இயந்திரங்களை விற்றவரும்கூட. பின்னர் உள்ளம் மாறினார். 1972-இல் அங்கே மேகக் காட்டுக் காப்பகம் அமையத் துணை நின்று, நெடுங்காலம் அதன் காவலராகக் காட்டுப் பாதைகளில் நடந்தார். 2016-இல் எண்பத்தைந்து வயதில் மறைந்தார். உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காணும் காடு அது. துப்பாக்கி ஏந்த மறுத்த கை, கோடரியையும் கீழே வைத்தது.

மாணவருக்குச் சொன்ன பதில்

அன்பர்களே! ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த நிலையிலும் ஆயுதம் ஏந்தக்கூடாது என்பது குவேக்கர் கொள்கை. அநீதி இழைக்கப்பட்டவர் வரம்பு மீறாமல் தம்மைத் தற்காத்துக்கொள்ள நம் மார்க்கம் அனுமதிக்கிறது. இவ்விடத்தில் நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம். வேறுபாட்டைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது.

ஆனால் மாணவரின் கேள்வி அதுவன்று. சண்டைக்குப் போக மறுப்பவர் கோழையா என்பதே கேள்வி. அதற்கு இவர்களுடைய வாழ்க்கை பதில் சொல்கிறது. சண்டைக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்பவர் வேறு. சண்டையை மறுத்துவிட்டு அதைவிடக் கடினமான வேலையைத் தலைமேல் ஏற்றுக்கொள்பவர் வேறு. ஒரு நாளில் முடியும் சண்டைக்குக் கோபம் போதும். அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரே வாக்கைக் காப்பாற்றுவதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! நம் பெருமானார் (ஸல்) அவர்கள், ஹுதைபிய்யாவில் கையெழுத்தான உடன்படிக்கையைத் தோழர்கள் சிலர் தோல்வியாகக் கருதி வருந்தியபோதும், அமைதியின் பக்கமே உறுதியாக நின்றதை நாம் மறக்கலாமா?

மௌனமும் அப்படித்தான். ரமணாசிரமப் பகுதிக்கு வருவோர் மௌனத்தை நாடி வருகின்றனர். குவேக்கர்களும் மௌனமாக அமர்ந்தனர். எழுந்தபின் என்ன செய்தனர் என்பதில்தான் அந்த மௌனத்தின் மதிப்பு இருக்கிறது. தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியேறும் நமக்கும் அதே கேள்விதான். ஸலாம் கொடுத்துத் திரும்பியபின் பக்கத்து வீட்டாரிடம் எப்படி நடந்துகொள்கிறோம்?

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து ஒருநாள் தாமதமாக வந்தார். காரணம் கேட்டேன். அவருடைய தந்தை நில அளவைக்கு விண்ணப்பித்திருந்தாராம். அளக்க வரும் நாளன்று பக்கத்து நிலத்துக்காரரையும் தாமே நேரில் சென்று அழைத்தாராம். 'சங்கிலியின் மறுமுனையை யார் பிடித்தது தெரியுமா, ஹஜ்ரத்? அத்தா ஒரு முனை, அவர் ஒரு முனை' என்றார் மாணவர். அவர் குரலில் அன்று தலைகுனிவு இல்லை.

தகராறு இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அளவில் சிறு கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் இந்த ஆடிப் பட்டத்தில் இரண்டு நிலங்களிலும் மல்லாட்டை விதைத்திருக்கிறார்கள். கையில் ஒரு கன்று இருக்கையில் இறுதிநாளே வந்துவிட்டாலும் அதை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நடுகின்ற கைக்குக் கம்பு தூக்க நேரம் ஏது?

எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கும், நம் அண்டை வீட்டாருக்கும், நம் நாட்டிற்கும் அமைதியை அருள்வானாக! ஆமீன்.